நறுமண எண்ணெய்: முகர்வது வேறு, பூசுவது வேறு, விழுங்குவது வேறு

2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு நறுமணத் தெளிப்பானைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். லாவெண்டரும் கேமமைல் பூவும் மணக்கும், அறையில் அடித்துக்கொள்கிற சாதாரண ஸ்பிரே அது. வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்தது, அதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமி, வெளிநாடே போகாத இவர்களை எப்படித் தொற்றியது என்று மாதக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் ஒரு நோயாளியின் வீட்டில் கிடைத்த ஸ்பிரே புட்டிக்குள் கிருமி அகப்பட்டது.

இப்படி ஒரு செய்தியைப் படித்தால் குழப்பம் வரத்தான் செய்யும். ஒரு பக்கம், தூக்கமின்மை முதல் சளி வரை எதற்கும் நறுமண எண்ணெய் நான்கு சொட்டு போதும் என்கிற விளம்பரங்கள். மறுபக்கம், குழந்தை விழுங்கி வலிப்பு வந்தது, பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போனது, தோல் வெந்தது என்கிற செய்திகள். இரண்டும் ஒரே குப்பியைப் பற்றித்தான் பேசுகின்றன.

அந்தத் திரவம் எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். மணத்தை அனுபவிக்க மூக்குக்கு வேண்டியது துளியிலும் துளி. அந்த அளவில் ஆபத்தும் குறைவு, மருத்துவப் பலனும் குறைவு. முகர்ந்து பார்க்க வாங்கியதைத் தோலுக்கும் வயிற்றுக்கும் மருந்தாக்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

எண்ணெய் என்பது பெயர் மட்டும்தான்

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, ஒரு மூலையில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு, இன்னொரு மூலையில் லாவெண்டர் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். மறுநாள் பார்த்தால் சமையல் எண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கறையாக அப்படியே இருக்கும். லாவெண்டர் விழுந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அது காற்றோடு போய்விட்டது.

சமையல் எண்ணெய் கொழுப்பு. பெரிய மூலக்கூறு, ஆவியாகாது. நறுமண எண்ணெயில் கொழுப்பே கிடையாது. செடிகள் பூச்சியை விரட்டவும், பூஞ்சையைத் தடுக்கவும், மகரந்தம் சுமப்பவற்றை அழைக்கவும் உண்டாக்கி வைத்துக்கொள்ளும், எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளின் கலவை அது. தண்ணீரோடு சேராமல் மேலே மிதப்பதால் எண்ணெய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 'எசென்ஷியல் ஆயில்' என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'எசென்ஷியல்' என்ற சொல்லையும் பலர் 'அத்தியாவசியம்' என்று புரிந்துகொள்கிறார்கள். இங்கே அதற்குப் பொருள் சாரம், எசென்ஸ். உடம்புக்குக் கட்டாயம் தேவை என்று அதில் எதுவும் சொல்லப்படவில்லை.

குழப்பம் தவிர்க்க நான்கு பொருள்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. நறுமண எண்ணெய்: பூ, இலை, பட்டை, வேர், பழத்தோல் இவற்றிலிருந்து நீராவியால் வடித்தோ பிழிந்தோ எடுத்த செறிவான சாரம்.
2. தாங்கு எண்ணெய்: தேங்காய், பாதாம், ஜோஜோபா போன்ற எண்ணெய்கள். நறுமண எண்ணெயை நீர்க்கச் செய்து தோலில் பூச உதவுபவை. கேரியர் ஆயில் என்றும் சொல்வார்கள்.
3. நறுமண நீர்: வடிக்கும்போது எண்ணெயோடு சேர்ந்து வரும் மணமுள்ள தண்ணீர். பன்னீர் இந்த வகைதான்.
4. வாசனை எண்ணெய்: ஆய்வகத்தில் கலந்து செய்த செயற்கை மணம். செடியின் பெயர் லேபிளில் இருக்கும், செடி குப்பியில் இருக்காது. மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் இது போதும். ஆனால் நறுமண எண்ணெய் என்று சொல்லி விற்பது ஏமாற்று.

எடுக்கும் முறை எளிது. செடியை ஒரு கலத்தில் அடைத்து அடியிலிருந்து நீராவி செலுத்துவார்கள். நீராவி மணப்பொருளையும் சுமந்துகொண்டு மேலே போகும். குளிர்ந்த குழாய்க்குள் வந்ததும் மீண்டும் நீராகி ஒரு பாத்திரத்தில் சேரும், எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கு மட்டும் பெரும்பாலும் தோலைக் குளிர்நிலையில் பிழிந்தே எடுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், வெயில் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எவ்வளவு செடிக்கு எவ்வளவு எண்ணெய் என்று பார்த்தால்தான் செறிவு புரியும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ பூ வேண்டும். லாவெண்டர் தாராளம், அதற்கும் ஒரு கிலோவுக்கு 100 கிலோ பூங்கதிர் என்கிற கணக்கில் போகும். ஆகவே 'நாம் காலங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகைதானே' என்ற வாதம் இங்கே செல்லாது. இலையை மென்றவர்கள் இருந்தார்கள். ஒரு கூடை இலையின் சாரத்தை ஒரே மடக்கில் குடித்தவர்கள் இல்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

ஒரு நறுமண எண்ணெயில் பத்துகளிலிருந்து நூற்றுக்கணக்கில் வேதிப்பொருள்கள் இருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு பொருள்களே குணத்தைத் தீர்மானிக்கும். லாவெண்டரில் லினலூலும் லினலைல் அசிட்டேட்டும். ஆரஞ்சில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன். யூகலிப்டஸில் சினியோல், கிராம்பில் யூஜெனால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரல், பெப்பர்மின்ட்டில் மென்தால், டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெயில் டெர்பினென்-4-ஆல்.

இவை சும்மா வாசனைப் பொருள்கள் இல்லை, கரைப்பான்களும்கூட. ஆரஞ்சு எண்ணெய் ஒரு சொட்டை தெர்மோகோல் துண்டு ஒன்றின் மேல் விட்டால், சொட்டு விழுந்த இடம் உள்வாங்கிக் குழியாகிவிடும். லிமோனீன் அந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுகிறது. நல்ல நறுமண எண்ணெயைக் கருநிறக் கண்ணாடிக் குப்பியில் மட்டும் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் பாட்டிலில் ரெண்டு சொட்டு எலுமிச்சை எண்ணெய் விட்டுக் குடிக்கச் சொல்பவர்களுக்கு முதலில் இந்தக் குழியைக் காட்டவேண்டும்.

மூக்கிலிருந்து மூளைக்கு

மணத்துக்கு மனதை மாற்றும் சக்தி உண்டு என்பது கற்பனை இல்லை, உடற்கூறு. மூக்கின் மேற்கூரையில் தபால்தலை அளவு படலம் ஒன்று இருக்கிறது. அதில் மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள். இவற்றை உண்டாக்கும் பெரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள், 2004-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

பார்வை, ஒலி, தொடு உணர்வு எல்லாம் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் மேலே போகும். மணம் அந்த வழியில் நிற்பதில்லை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸுக்கும் பக்கத்து வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. பழைய பெட்டியைத் திறந்ததும் அந்த மணத்தின் பெயர் ஞாபகம் வருவதற்கு முன்பே தொண்டை அடைப்பது இதனால்தான்.

ஆனால் அதே அமைப்பு இன்னொன்றையும் சொல்கிறது. மணத்தின் பலன் பெரும்பாலும் கற்றுக்கொண்டது. ஒருவருக்கு நிம்மதி தரும் மணம், அதைக் கெட்ட சம்பவம் ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்ட இன்னொருவருக்குப் பதற்றம் தரலாம். 'லாவெண்டர் தூங்க வைக்கும்' என்பதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாக வைக்க முடியாது. உங்களுக்குப் பிடிக்காத மணம் உங்களை அமைதிப்படுத்தப் போவதில்லை, எந்த மணம் எதற்கு என்று போடும் அட்டவணை என்ன சொன்னாலும் சரி.

அப்படியானால் வேலை செய்கிறதா, இல்லையா?

'அரோமாதெரபி', அதாவது நறுமண சிகிச்சை, என்ற சொல் பரவக் காரணம் ரெனே-மொரிஸ் காட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1937-இல் தன் நூலுக்கு வைத்த தலைப்பு. அவரைப் பற்றி எங்கும் சுற்றும் கதை இது: ஆய்வகத்தில் கை தீப்பிடித்தது, பக்கத்தில் இருந்த லாவெண்டர் தொட்டிக்குள் கையை விட்டார், தழும்பே இல்லாமல் ஆறியது. அவரே எழுதி வைத்திருப்பது வேறு. 1910-இல் வெடிவிபத்து நடந்தது, புல்தரையில் உருண்டு தீயை அணைத்தார். பிறகு கைகளில் அழுகல் நோய் பரவியபோது லாவெண்டர் சாரத்தால் கழுவினார், அது நின்றது என்கிறார். அதாவது ஒரு வேதியியலாளர், கிருமிக் காயத்துக்கு, தெரிந்தே கிருமிநாசினி ஒன்றைப் போட்டிருக்கிறார். அதிசயக் கதையைவிட இந்தப் பதிப்புதான் எனக்குச் சுவாரசியம். ஆனாலும் இது ஒரே ஒருவரின் அனுபவம், சோதனை ஆகாது.

சோதனைகளில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மாத்திரை என்றால் ஒரே மாதிரி வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். மணத்தை எப்படி மறைப்பது? முகர்ந்தவருக்குத் தான் லாவெண்டர் அணியா, வெறும் தண்ணீர் அணியா என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடும். எதிர்பார்ப்பும் பலனும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். இதை ஓரளவு கையாண்ட ஆய்வு ஒன்று 2008-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 56 பேருக்கு எலுமிச்சை, லாவெண்டர், தண்ணீர் மூன்றையும் முகரக் கொடுத்தார்கள். எலுமிச்சை மனநிலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. லாவெண்டர் அதைக்கூடச் செய்யவில்லை. நோய் எதிர்ப்பு, காயம் ஆறும் வேகம், வலி தாங்கும் திறன் எதிலும் நன்மை தெரியவில்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பதை இப்படிப் பிரிக்கலாம்.

1. பதற்றம், மனநிலை: முகர்வதால் சிறிய, குறுகிய நேர ஆறுதல் பலருக்குக் கிடைக்கிறது. மணத்தின் வேலை எவ்வளவு, பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு விட்டதன் வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2. குமட்டல்: அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனைகளில், ஊசி போடுமுன் துடைக்கும் ஆல்கஹால் பஞ்சை முகர்வதே குமட்டலைக் குறைத்தது. பெப்பர்மின்ட்டுக்கு அவ்வளவு தெளிவான சான்று இல்லை. ஆழ்ந்து மூச்சிழுப்பதுதான் பாதி மருந்தோ என்னவோ.

3. உள்ளுக்குச் சாப்பிடும் காப்ஸ்யூல்: லாவெண்டர் எண்ணெய் 80 மி.கி. காப்ஸ்யூல் பதற்றத்துக்கும், குடலில் போய்க் கரையும் பூச்சு கொண்ட பெப்பர்மின்ட் காப்ஸ்யூல் எரிச்சல் குடல் நோய்க்கும் சோதனைகளில் பலன் காட்டியிருக்கின்றன. இவை அளவு கட்டுப்படுத்திய மருந்துகள். இவற்றின் ஆய்வு முடிவைக் காட்டி டிஃப்யூசர் (அறையில் மணம் பரப்பும் கருவி) எண்ணெயை விற்பது அடிக்கடி நடக்கும் தில்லுமுல்லு.

4. தோல்: 1990-இல் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல் முகப்பருவைக் குறைத்தது. வழக்கமான பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலோடு. 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள், குப்பியிலிருந்து நேராக எடுத்தது அல்ல.

5. தொற்று, புற்றுநோய், சர்க்கரை நோய்: வீட்டு நறுமண எண்ணெயால் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை. எபோலாவைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்லி விற்றவர்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பவேண்டி வந்தது. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்வது வேறு, உடம்புக்குள் கொல்வது வேறு. தட்டில் சோப்பும்தான் கொல்லும்.

தோலுக்கு வரும்போது

'ஒரு சொட்டு நேராகப் பூசினால் என்ன ஆகிவிடும்?' பலருக்கு முதல் நாள் ஒன்றும் ஆகாது. பிரச்சினையே அதுதான். நறுமண எண்ணெய் தோலில் இரண்டு விதமாக வேலை காட்டும். ஒன்று, உடனடி எரிச்சல்: லவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் நேராகப் பட்டால் சிவந்து வெந்துபோகும். இன்னொன்று ஒவ்வாமை. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓசையில்லாமல் வளரும். உடம்பு ஒருமுறை அந்தப் பொருளை எதிரி என்று குறித்துவிட்டால் பிறகு அழிக்காது. அப்புறம் அதே லினலூல் கலந்த சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு எல்லாமே அரிக்கும்.

பழைய எண்ணெயில் இந்த ஆபத்து அதிகம். புதிய லிமோனீனும் லினலூலும் தோலுக்கு அவ்வளவு மோசமில்லை. காற்று பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தபின் உண்டாகும் பெராக்சைடுகள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. மூடியைச் சரியாக மூடாத பாதிக் குப்பி, வெயில் விழும் ஜன்னல் ஓரம், இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஆரஞ்சு எண்ணெய்: மூன்றும் சேர்ந்தால் அதைத் தோலில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவாமல் தோலில் விடும் பூச்சுகளில் இந்த இரண்டும் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டும்.

நீர்க்கச் செய்யும் கணக்கு கடினமில்லை. ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மி.லி. என்று வைத்துக்கொண்டால், 30 மி.லி. தாங்கு எண்ணெயில் 6 சொட்டு விட்டால் 1 சதவீதம், 12 சொட்டு விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு 1 சதவீதமோ அதற்குக் கீழோ, உடம்புக்கு 2 சதவீதம் வரை என்பது பொதுவான பழக்கம். முதல் முறை என்றால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒருநாள் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் நீர்க்கச் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். குளியல் தொட்டியில் நேராக விடும் சொட்டு கரையாமல் மிதந்து, உட்காரும்போது தோலின் மென்மையான இடத்தில் முழுச் செறிவோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் வெயில். பெர்கமாட் என்ற புளிப்புப் பழம், எலுமிச்சை வகைகள் இவற்றின் பிழிந்த எண்ணெயில் ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்து, மாதக்கணக்கில் கறுத்த தழும்பு நிற்கும். பிழிந்த பெர்கமாட் எண்ணெய்க்கு, தோலில் தங்கும் பூச்சுகளில் 0.4 சதவீதம் என்று வாசனைத் தொழில் தனக்குத் தானே வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறது. முன்பு சொன்ன வித்தியாசம் இங்கேதான் உதவுகிறது: நீராவியில் வடித்த எலுமிச்சை வகை எண்ணெயில் இந்தக் கனமான மூலக்கூறுகள் ஏறி வருவதில்லை, அதனால் அதற்கு இந்தக் குற்றம் இல்லை. ஒரே பழம், இரண்டு முறை, இரண்டு குணம்.

வாய்க்கு வரும்போது

சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: வீட்டில் விழுங்க வேண்டாம்.

காரணம் ஒன்று போதும். விண்டர்கிரீன் எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது, வலித்தைலங்களின் மணம் அதுதான். ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மி.கி. மாத்திரை 21 சேர்த்து விழுங்கியது போல. சிறு குழந்தையின் உயிரை எடுக்க அது போதும். கற்பூர எண்ணெயும் யூகலிப்டஸ் எண்ணெயும் குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பை வரவழைக்கக்கூடியவை. கிராம்பு எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும். இவற்றின் குப்பிகள் எல்லாம் கைக்கு அடக்கமாக, இனிப்பு மணத்தோடு, திறந்தால் மிட்டாய் போல வாசம் வீசிக்கொண்டு கிடக்கின்றன. பூட்டி வைக்க வேண்டிய பொருள் இது, அலமாரியில் அழகுக்கு வைக்கும் பொருள் இல்லை.

டிஃப்யூசரை இயக்கும் முறை

வீட்டு அரோமாதெரபி என்றால் முக்கால்வாசி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அதிகம் விற்பது மீயொலி வகை. தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு சிறு பீங்கான் தட்டு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கும் மேல் அதிர்ந்து, தண்ணீரையும் எண்ணெயையும் குளிர்ந்த பனிப்புகையாக உடைத்துத் தள்ளும். நெபுலைசர் வகையில் தண்ணீரே இல்லை, எண்ணெயை மட்டும் காற்றால் சிதறடிக்கும், ஆகவே ரொம்ப வீரியம். மெழுகுவர்த்தி வைத்துச் சுடவைக்கும் கிண்ணமும் உண்டு. ஆரஞ்சு, யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்களின் ஆவி 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடியது என்பதால், அந்தக் கிண்ணத்தைக் கண்பார்வையில் மட்டும் வையுங்கள். பஞ்சு உருண்டை ஒன்றில் இரண்டு சொட்டு விட்டு மேசை மேல் வைப்பதுகூட டிஃப்யூசர்தான். என்னைக் கேட்டால் சிறிய அறைக்கு அதுவே போதும்.

மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே மணத்தில் கால்மணி நேரம் இருந்தால் ஏற்பிகள் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடுகின்றன. அறையில் மணம் அப்படியே இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. 'தீர்ந்துபோச்சு போல' என்று இன்னும் ஐந்து சொட்டு விடுவார்கள். வெளியிலிருந்து வருபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைவலிக்கிறது என்பார். ஆகவே:

1. 100 மி.லி. தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு. மணம் தெரியவில்லை என்று கூட்டாதீர்கள், அறையை விட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள்.

2. அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் ஓட்டி, பிறகு அதே அளவு நேரம் நிறுத்தி வையுங்கள். இரவு முழுக்க ஓடவிட வேண்டியதில்லை.

3. ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். லிமோனீன் போன்றவை காற்றில் ஓசோனைச் சந்தித்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ஓசோன் விடும் கருவி இருக்கும் அறையில் ஆரஞ்சு மணம் பரப்புவது, சுத்தத்துக்குச் சுத்தமாக எதிர்வேலை.

4. மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவையுங்கள். ஆரம்பத்தில் சொன்ன ஸ்பிரேயின் பாடம் இங்கே வருகிறது. அந்தப் புட்டிக்குள் கிருமி எந்த மூலப்பொருள் வழியாக நுழைந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும், நாலு சொட்டு லாவெண்டர் தண்ணீரைக் காப்பாற்றாது. தண்ணீர் சேர்ந்த எந்தக் கலவைக்கும் பதப்படுத்தும் பொருள் வேண்டும். வீட்டில் செய்யும் அறைத் தெளிப்பானை, பதப்படுத்தும் பொருள் இல்லை என்றால், அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

யார் இருக்கும் வீட்டில் வேண்டாம்

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி, வலிப்பு நோய் உள்ளவர், பூனை. இந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கைக்குழந்தையின் மூக்கருகில் மென்தாலோ யூகலிப்டஸோ வைத்தால், சளியை இளக்குவதற்குப் பதில், தொண்டைக் குழாய் இறுகி மூச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு. 'குளிர்ச்சியாக இருக்கிறது, மூக்கு திறந்தது' என்று பெரியவருக்குத் தோன்றுவதே பெரும்பாலும் மென்தால் நரம்பைத் தூண்டுவதால் வரும் உணர்வுதான், அடைப்பு அப்படியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு இயற்கை மணம், செயற்கை மணம் என்ற பேதமில்லை, எதுவும் இழுப்பைக் கிளப்பலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தோலில் பூசவேண்டாம்.

பூனையின் கதை தனி. நறுமண எண்ணெயின் பல பொருள்களை மனிதனின் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு ஒட்டவைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி போதாது. மீயொலி டிஃப்யூசரின் துளிகள் அதன் ரோமத்தில் படியும், அது நாள் முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும். நாம் முகர்ந்ததை அது விழுங்குகிறது. டீ ட்ரீ எண்ணெய் பூனை, நாய் இரண்டுக்கும் நஞ்சு. கூண்டுப் பறவைகளின் நுரையீரலும் புகைக்கும் ஆவிக்கும் தாங்காது.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

'தெரபியூட்டிக் கிரேடு', 'மருத்துவத் தரம்' என்றெல்லாம் எழுதியிருந்தால் மதிப்பெண் போடாதீர்கள். அப்படி ஒரு தரத்தை எந்த அரசு அமைப்பும் வரையறுக்கவில்லை, நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பட்டம் அது. உதவும் விவரங்கள் வேறு:

1. செடியின் தாவரவியல் பெயர். லாவெண்டர் என்று மட்டும் போட்டால் லவாண்டுலா அங்கஸ்டிஃபோலியாவா, விளைச்சல் அதிகமுள்ள மலிவான லாவண்டின் கலப்பினமா என்று தெரியாது. பின்னதில் கற்பூரம் கூடுதல்.
2. எந்தப் பகுதியிலிருந்து, எந்த முறையில் எடுத்தது. லவங்கப்பட்டையும் அதே மரத்தின் இலையும் ஒன்றல்ல. பிழிந்ததும் வடித்ததும் ஒன்றல்ல.
3. தொகுதி எண், தயாரித்த அல்லது காலாவதி தேதி.
4. அந்தத் தொகுதிக்கான வாயு நிறப்பிரிகை அறிக்கை. குப்பிக்குள் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பதை அது சொல்லும். கேட்டால் தரமாட்டோம் என்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

முதலில் சொன்ன தாள் சோதனை, மலிவான சமையல் எண்ணெய் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும். செயற்கை லினலூல் கலந்ததைக் காட்டாது. சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்கள் சுத்தமாக இருந்தாலும் லேசான கறை விடும் என்பதால், அவற்றை இந்தத் தாளை வைத்துக் குற்றம் சொல்லவும் முடியாது.

தவறு நடந்துவிட்டால்

தோலில் நேராகப் பட்டு எரிந்தால் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பயனில்லை, எண்ணெய் நகராது. தாங்கு எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். துடைத்த துணியையும் மசாஜ் துண்டையும் துவைக்காமல் குவித்து வைக்கவோ, உலர்த்தும் இயந்திரத்தில் சூடாக அடைத்து வைக்கவோ கூடாது. தாங்கு எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

கண்ணில் தெறித்தால், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு மருத்துவர்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தண்ணீர் போல இளகிய, ஆவியாகும் இந்தத் திரவம் மேலே வரும்போது நுரையீரலுக்குள் நழுவினால், வயிற்றில் இருந்ததைவிடப் பெரிய கேடு. இருமல், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது குப்பியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செடி, எத்தனை மி.லி. குறைந்திருக்கிறது என்பதுதான் அங்கே கேட்கும் முதல் இரண்டு கேள்விகளாக இருக்கும்.